ஆறரை மாசம் ஆச்சு, வெடக்கோழி ஒண்ணுகூட முட்டை வெக்கல... தீனில ஏதாச்சும் தப்பு பண்றனா?

ஊத்துக்குளி_மருமக:

வணக்கமுங்க. நாங்க ஊத்துக்குளிப் பக்கம் தோட்டத்துச் சாளைல இருக்கறோம், நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல வேலை, ஊட்டுக்காரருக்கும் அங்கியேதான். ஆடு மாடெல்லாம் அத்தை பாத்துக்கறாங்க, கோழி மட்டும் என்னோட ஆசைக்கு வாங்குனது. ஆனி மொத வாரத்துல ரோட்டோரமா வண்டில கூண்டு வெச்சு வித்துட்டு இருந்தவருகிட்ட ஒரு மாசக் குஞ்சா 12 வாங்குனேன், சுத்தமான சிறுவிடைங்க, சின்ன ரக நாட்டுக்கோழி, அஞ்சு மாசத்துல முட்டை வெச்சிரும்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரு. ரெண்டைக் கீரி தூக்கிருச்சு, ஒண்ணைப் பருந்து. மீதி 7 வெட, 2 சேவல்.

இப்ப கார்த்திகை பாதி ஆச்சு, கணக்குப் போட்டா ஆறரை மாசம். ஒண்ணுகூட முட்டை வெக்கலீங்க. அன்னாடும் காலைல பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி கூடையப் போயி எட்டிப் பாக்கறதே ஒரு வேலையாப் போச்சு, வைக்கோல் போட்டு ரெண்டு கூடை ரெடியா வெச்சிருக்கறேன், அதுல பூனைதான் படுத்துத் தூங்குது.

தீனி என்னன்னா காலைல ஒரு கிலோ குருணை, மத்தியானம் மீந்த சோறு, பொழுதோட அரைக் கிலோ மக்காச்சோளம் ஒடச்சது. பகல் பூரா கொறங்காட்டுல மேஞ்சுட்டு வருது. நாலு மாசத்துல இருந்து ஊட்டுக்காரரோட சிநேகிதர் சொன்னாருன்னு முட்டைக்கோழிக்குப் போடற லேயர் மேஷ் ஒரு மூட்டை வாங்கி அதுவும் ரெண்டு கை போடறோம், அதப் போட்டா சீக்கிரம் முட்டைக்கு வந்துரும்னாரு. ஊட்டுக்காரரு அன்னைக்கு நோட்டு எடுத்து இதுவரைக்கும் ஆன செலவை எழுதிட்டு, வராத முட்டைக்கு ரேட்டு எப்படிப் போடறதுன்னு கேட்டுச் சிரிக்கறாரு. அத்தையக் கேட்டா "அதது நேரங்காலம் வந்தா வெக்கும் போ கண்ணு" அவ்வளவுதான்.

இது தீனில கோளாறா, வித்தவரு ஏமாத்திட்டாரா? பொழுதோட பல்பு போட்டு வெச்சா சீக்கிரம் வெக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, அது நெசமா? போட்டோ மூணு போட்டிருக்கறேன், பாத்துச் சொல்லுங்க.


பவானிக்கரை:

ஆறரை மாசத்துக்கே இவ்வளவு வெசனமா 😄 2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு வாங்கிக் காசைத் தொலைச்சவங்க யாராச்சும் உங்க ஒறம்பரைல இருந்தா ஒரு நா ஒக்காந்து அந்தக் கதையக் கேளுங்க, அப்பறம் உங்க வெடக்கோழி தங்கமாத் தெரியும். ஊட்டுக்காரரு நோட்டை மொதல்ல புடுங்கி அடுப்புல போடுங்க.


இட்டேரிக்காரன்:

ஏனுங் அம்மணி, போட்டோ பாத்தனுங்க. அது சுத்தச் சிறுவிடை இல்லீங்க. சிறுவிடைன்னா பூவு, அதாவது தலைமேல இருக்கற கொண்டை, ஒத்தையா, ரம்பம் மாதிரி பல்லு பல்லா நிக்கோணும். உங்க ரெண்டாவது போட்டோல இருக்கற செவலைப் பெட்டைக்குப் பாருங்க, பூவு தலையோட படிஞ்சு பட்டாணிய மூணு வரிசையா ஒட்டுன மாதிரி இருக்குது, காலும் தடி, நெஞ்சு அகலம், கழுத்தை நிமித்திட்டு நிக்குது. அது பெருவிடை ரத்தம், கட்டுச்சேவல் வம்சம். ஏழுல பாதிக்குமேல கலப்பாத்தான் தெரியுது. பெருவிடை ஏழு மாசம், சிலது எட்டு மாசம்கூட எடுத்துக்கும். அஞ்சு மாசம்னு சொன்னவரு அவரு வாய்க்குச் சொல்லிட்டாரு, கோழிக்குத் தெரியாதில்லீங்களா அது.

அப்பறம் முட்டைக்கு வருதா இல்லியான்னு கூடையப் பாத்தாத் தெரியாது, கோழியப் பாக்கோணும். மொதல்ல பூவும் தாடியும் நெறம் மாறும், வெளுத்த ரோஸ் கலர்ல இருந்தது பத்து நாளைல ரத்தச் செவப்பாகி கொஞ்சம் பெருத்துத் தொங்கும். அடுத்தது சேவல் கிட்ட வந்தா முன்னெல்லாம் தலைதெறிக்க ஓடுனது இப்ப நிக்கும். நீங்க முதுகுல கைய வெச்சாலே றெக்கைய லேசா விரிச்சுப் பொத்துனு உக்காந்துக்கும். அதுக்கப்பறம் கேறும். காலைல ஒம்பது பத்து மணிக்கு மெல்ல இழுத்து இழுத்து ஒரு சத்தம் போட்டுட்டு, திண்ணைக்கடி, போருக்கடி, கட்டிலுக்கடின்னு மூலைமுடுக்கெல்லாம் நொழஞ்சு பாத்துட்டுத் திரியும். கேற ஆரம்பிச்சா ரெண்டு வாரத்துக்குள்ள முட்டைன்னு எங்க ஆத்தா சொல்லும், நானு பாத்த வரைக்கும் அது தப்புனதில்லீங்க.

கையில பாக்கற கணக்கு ஒண்ணு இருக்குது. பொழுது உழுந்து கொடாப்புல அடைச்ச பொறவு ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க, பகல்ல தொரத்திப் புடிச்சா பயந்துக்கும். எடது கைல கோழிய நெஞ்சோட அணைச்சு, தலை உங்க முழங்கைப் பக்கம் வர்ற மாதிரி புடிச்சுட்டு, வலது கை வெரல பின்பக்கம் ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் வெச்சுப் பாருங்க. ஊசி மாதிரி ரெண்டு எலும்பு தட்டுப்படும். அதுக்கு நடுவுல ஒரு வெரலே சிரமப்பட்டுப் போச்சுன்னா இன்னும் நாளிருக்குது. ரெண்டு வெரல் போச்சுன்னா கிட்ட வந்தாச்சு. மூணு வெரல் தாராளமாப் போயி, அந்த எடம் மெத்துனு இருந்தா முட்டை வெச்சுட்டு இருக்குது, நீங்கதான் பாக்கல.


ஊத்துக்குளி_மருமக:

அண்ணா ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி செல்போன் லைட்டுல அத்தை புடிச்சுக்க நான் வெரல் வெச்சுப் பாத்தேன், ஊட்டுக்காரரு தூரமா நின்னுட்டு வீடியோ எடுத்தாரு, வேற ஒண்ணும் பண்ணல. நாலு கோழிக்கு ஒரு வெரல்தான் போகுது. ரெண்டுக்கு ரெண்டு வெரல். அந்தக் கருப்புல வெள்ளைப் புள்ளி போட்ட சின்னது, அதுக்கு மட்டும் மூணு வெரல் போற மாதிரி இருந்துச்சு, எனக்கே சந்தேகமாகி அத்தையும் பாத்தாங்க, ஆமான்னுட்டாங்க. ஆனா முட்டையக் காணோமே! இன்னொண்ணு, அடிவயித்தைத் தொட்டா எல்லாத்துக்குமே கெட்டியா ஏதோ திரண்டு நிக்குது, அது முட்டையா?


தீவன_மூட்டை:

அது முட்டை இல்லீங்க, கொழுப்பு. நான் நாமக்கல் பக்கம் தீவன மில்லுல பதினாலு வருஷம் இருந்தவன், ஷெட்டுக் கோழி எனக்கு நல்லாத் தெரியும், நாட்டுக்கோழி ஊட்டுல வெச்சிருக்கறேன், ரெண்டையும் வெச்சுச் சொல்றேன்.

நீங்க போடற கணக்கு ஒம்பது கோழிக்கு ஒன்றரைக் கிலோ தானியம், அதுபோக சோறு, அதுபோக மேஷ், அதுபோக மேய்ச்சல். நாட்டுக்கோழி ஒண்ணு நாளைக்கு 80ல இருந்து 100 கிராம் தின்னாப் போதும், மேயற கோழிக்கு அதுல பாதியக் கையில போட்டாலே சரியாப் போயிரும். அளவைவிட என்ன போடறீங்கங்கறதுதான் பெரிய விஷயம். குருணை, சோறு, மக்காச்சோளம் மூணுமே மாவுச்சத்துதான், அதுல புரதம் நூத்துக்கு எட்டு ஒம்பதுக்கு மேல வராது. முட்டைக்கு வர்ற கோழிக்கு 16, 17 வேணும். மாவைத் தின்னு தின்னு கொழுப்பு ஏறி வயித்துக்குள்ள அடைச்சிக்குது, பாக்கக் கொழுகொழுன்னு நல்லாத்தான் இருக்கும், முட்டைக்கு வேண்டியது உள்ள இருக்காது.

லேயர் மேஷ் விஷயம் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. முட்டை வெக்கற கோழிக்குன்னு தயாரிக்கற தீவனம் அது, அதுல சுண்ணாம்புச் சத்து மூன்றரையில இருந்து நாலு சதம் இருக்கும். வளர்ற வெடக்கோழிக்கு ஒரு சதம் போதும். வெக்காத கோழிக்கு அந்தச் சுண்ணாம்பு ஓடாப் போக வழியில்ல, எல்லாத்தையும் சிறுநீரகந்தான் தள்ளோணும், நெறைய நாளு போட்டா சிறுநீரகம் கெட்டு உள்ள வெள்ளை வெள்ளையா உப்புப் படிஞ்சு கோழி சத்தமில்லாமச் செத்துப்போகும். சேவலுக்கும் அதே கதைதான். நீங்க ரெண்டு கைதான் போடறீங்க, அதனால பெரிசா ஒண்ணும் ஆயிருக்காது, ஆனா இன்னியோட நிறுத்திருங்க. மேஷைப் போட்டா முட்டை சீக்கிரம் வரும்கறது தலைகீழான பேச்சு, முட்டை வந்தாத்தான் மேஷு.

மூட்டைல மீதி இருக்கறதைத் தரையில வெக்காதீங்க, கட்டை போட்டு மேல ஏத்தி வாயை நல்லாக் கட்டி வெய்யுங்க. இது மழைக்காலம், கட்டி கட்டியா ஆயிருந்தாலோ புழுங்கல் வாடை அடிச்சாலோ யோசிக்காமக் குப்பைக்குழில கொட்டிருங்க. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான், பூசணம் புடிச்சா அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும், காயவெச்சாலும் வறுத்தாலும் போகாது.

ஊட்டுல கலக்கறதா இருந்தா பத்துக் கிலோவுக்கு எங்கூட்டுக் கணக்கு: ஒடச்ச மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு ஒன்றரை, அரிசித் தவுடு 2, கடலைப் புண்ணாக்கு ஒன்றரை, உப்புப் போடாத கருவாட்டுத் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். உப்புக் கருவாடு போட்டுறாதீங்க, தண்ணி குடிச்சுக் குடிச்சுக் கழிஞ்சே போயிரும். காங்கயம் பக்கம்தான் இருக்கறீங்க, தேங்காய்ப் புண்ணாக்கு சல்லிசாக் கெடைக்கும், ஆனா அதை மட்டுமே நம்பாதீங்க, கடலைல இருக்கற புரதத்துல பாதிதான் அதுல. கிளிஞ்சலை ஒடச்சு ஒரு கொட்டாங்குச்சில தனியா வெச்சிருங்க, தீனில கலக்க வேண்டாம். வேணும்கற கோழி தானாப் போயிப் பொறுக்கிக்கும், வேண்டாதது திரும்பிக்கூடப் பாக்காது. நான் மணிக்கணக்கா ஒக்காந்து பாத்திருக்கேன், முட்டைக்கு வந்த கோழி பொழுதோட அடையறதுக்கு முன்னாடி நேரா அங்கதான் போகும். ராத்திரிலதான ஓடு கட்டுது. ஒரு முட்டை உருவாக 24, 25 மணி நேரம், அதுல ஓட்டுக்கே 20 மணி நேரம் போயிருது.

பல்பு வேண்டாம். ஷெட்டுல வெளிச்சம் 16 மணி நேரம் வரைக்கும் குடுப்பாங்க, அது வருஷத்துக்கு முன்னூறு முட்டை வெக்கற ஜாதி. நம்மூர்ல மார்கழியிலயே பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்குது. நாட்டுக்கோழிக்கு அது போதும், ராத்திரி நிம்மதியாத் தூங்கட்டும்.


கட்டுத்தறி:

சதம் சதம்னு சொல்லிட்டே இருக்கீங்க, எங்க அப்பாரு காலத்துல எந்தக் கோழிக்குத் தராசு வெச்சுத் தீனி போட்டாங்க? காலைல கொடாப்பைத் தூக்குனா பொழுதோட வந்து அடையும், ரெண்டு கை கம்பு வீசுவாங்க, அவ்வளவுதான். முட்டை வெக்கலியா? கருவாட்டுத் தூளு, தாது உப்புன்னு பனியன் கம்பெனில சம்பாரிக்கறதையெல்லாம் கோழிக்கே கொட்டச் சொல்றீங்க.

அம்மணி, ஒரு பழைய மண்பானை எடுங்க. அதுல காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, கொஞ்சம் சோளத்தட்டு எல்லாம் திணிச்சு தண்ணி தெளிச்சு, தோட்டத்துல செல்லு (கரையான்) இருக்கற எடத்துல பொழுதோட கவுத்து வெச்சிருங்க. விடியால போயி எடுத்தா பானை பூராச் செல்லு அப்பியிருக்கும். கோழி முன்னாடி கொட்டி ஒரு தட்டு தட்டுங்க, அடிச்சுக்கிட்டுத் திங்கும். காசு ஒரு பைசா இல்ல. குப்பைக்குழியக் கிளறி உடுங்க, புழு நெண்டிட்டு இருக்கும். முருங்கைக்கீரைய ஒரு கொத்துக் கட்டித் தொங்க உடுங்க.


தீவன_மூட்டை:

நீங்க சொன்ன செல்லுலயும் புழுவுலயும் இருக்கறது என்னன்னு நெனைச்சீங்க, அதே புரதந்தாங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றோம். உங்க அப்பாரு காலத்துல குப்பைமேடு இருந்துச்சு, களத்துல செந்துன தானியம் இருந்துச்சு, மாடு பத்து இருந்துச்சு. இப்ப கொறங்காட்டுல மாடே மேயாத எடத்துல கோழி எதைக் கிளறும்? செல்லு கெடைச்சா அதைவிட நல்ல தீனி கெடையாது, நான் மறுக்கல. கெடைக்காத நாளைக்கு என்ன பண்றதுங்கறதுக்குத்தான் கணக்கு.

சொல்ல மறந்தது ஒண்ணு. கோழிக்கழிச்சல் ஊசி போட்டீங்களா? வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சு கழுத்துத் திருகிக்கிட்டுப் போற சீக்கு அது, வந்தா ஒண்ணுகூட மிஞ்சாது, மருந்தும் கெடையாது. எட்டு வாரத்துல றெக்கைக்கு அடில ஒண்ணு போட்டிருக்கோணும். போடலைன்னா முட்டைக்கு வர்றதுக்கு முன்னாடியே கால்நடை ஆஸ்பத்திரில கேட்டுப் போட்டுருங்க, குடல்புழு மருந்தும் அங்கியே கேளுங்க. பிப்ரவரில இலவச முகாமும் நடக்கும், ஆனா அதுவரைக்கும் காத்துட்டு இருக்காதீங்க.


அம்மிச்சி_பேத்தி:

எல்லாரும் தீனியவே பேசிட்டு இருக்கீங்க, அந்தப் புள்ளி போட்ட கோழிய மறந்துட்டீங்களே! மூணு வெரல் போகுதுன்னா அது வெச்சுட்டு இருக்குதுங்க அக்கா, எங்கியோ கள்ளத்தனமா வெக்குது. எங்க அம்மிச்சி ஊட்டுல இப்படித்தான் ஒரு கோழி "முட்டையே வெக்கல, அறுத்துக் கொழம்பு வெச்சர்லாம்"னு பேச்சு நடந்துட்டு இருந்துச்சு, மாமன் சோளத்தட்டுப் போரைப் பிரிக்கறாரு, நடுவுல குழி பறிச்ச மாதிரி பதினேழு முட்டை. பாதி கெட்டுப்போச்சு. அன்னைக்குத் தப்பிச்ச கோழி அதுக்கப்பறம் மூணு வருஷம் இருந்துச்சு.

நீங்க என்ன பண்ணுங்க, நாலஞ்சு நாளைக்கு அதை மட்டும் காலைல தொறந்து உடாதீங்க, தண்ணியும் தீனியும் வெச்சு பதினொரு மணி வரைக்கும் கொடாப்புக்குள்ளயே உட்டுருங்க, ஒரு மூலைல வைக்கோல் போட்டு வெய்யுங்க. பெரும்பாலும் அதுக்குள்ள வெச்சிரும். இல்லைன்னா ஒரு லீவு நாள்ல தூரமா நின்னு அது எங்க போகுதுன்னு பாருங்க, ஆனா நீங்க பாக்கறது அதுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா வேணும்னே வேற பக்கம் போகும், அவ்வளவு வெவரம்! எடம் தெரிஞ்சா எல்லாத்தையும் எடுத்துறாதீங்க, ஒத்த முட்டைய அங்கியே உட்டுருங்க, மொத்தமாக் காலி பண்ணுனா எடத்தை மாத்திக்கும். அந்த ஒண்ணுல பென்சில்ல கோடு போட்டு வெச்சாப் பழசு எது புதுசு எதுன்னு கொழப்பம் வராது.

பூனை படுக்கற கூடைய எந்தக் கோழியும் தொடாதுங்க அக்கா. இருட்டா, ஒதுக்கமா, சாரைப்பாம்பு நொழையாத ஒசரத்துல வெய்யுங்க.


ஊத்துக்குளி_மருமக:

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லோணும்னு நெனச்சு நெனச்சு ஷிப்மெண்ட் நேரத்துல மறந்துட்டேன், மன்னிச்சிருங்க.

கெடைச்சிருச்சுங்க! தங்கச்சி சொன்னதுதான் சரி. ஞாயித்துக்கிழமை காலைல அத்தை ஆட்டுப்பட்டில இருந்தும் நான் சமையக்கட்டு சன்னல்ல இருந்தும் காவல் காத்தோம். புள்ளி போட்டது நேரா நடந்து திண்ணைக்கு வந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு, வண்டி நிறுத்தற எடத்துல பைக் தொடைக்கறதுக்குன்னு ஊட்டுக்காரரு கம்பெனில இருந்து கொண்டாந்து போட்டிருக்கற பனியன் வேஸ்ட் மூட்டைக்குள்ள பூந்துருச்சு. அரை மணி நேரம் சத்தமே இல்ல. அப்பறம் வெளிய வந்து ஊரைக் கூட்டுச்சு பாருங்க, கொக்கரிச்சுக் கொக்கரிச்சுச் சேவலும் சேந்துக்கிச்சு. போயிப் பாத்தா வெள்ளையும் ரோஸுமா துணிக்கு நடுவுல ஆறு முட்டை, அடியில இருந்தது சில்லுனு, மேல இருந்தது கையில எடுத்தா இன்னும் சூடு. தினமும் அந்த மூட்டைல கைய உட்டுத் துணி எடுத்து வண்டி தொடைச்சவரு இவரு! ஒரு நாளாச்சும் கண்ணுல பட்டிருக்கோணுமில்ல? அந்த நோட்டை நானே எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்.

சோத்தையும் குருணையையும் நிறுத்திட்டு அண்ணா சொன்ன கலவைய ஒரு கோழிக்கு ஒரு கை கணக்குல காலைல போடறேன், பொழுதோட கொஞ்சம் கம்பு. மேஷ் மூட்டைல அடிப்பக்கம் கட்டியாகிக் கெடந்துச்சு, கொட்டிட்டேன். கழிச்சல் ஊசியும் போட்டாச்சு. செல்லுப் பானை ரெண்டு தடவ வெச்சோம், ஒரு தடவ வந்துச்சு, ஒரு தடவ மழைல நனைஞ்சு ஒண்ணுமே இல்ல. ரெண்டு வெரல் போன ரெண்டுல ஒண்ணு நேத்து மொத முட்டை வெச்சிருச்சு, எலுமிச்சங்காய் அளவுதான், ஓட்டுமேல லேசா ரத்தக் கோடு. செவலை மட்டும் இன்னும் சேவலைக் கண்டா ஓடிட்டு இருக்குது. கூடைய ஒசரத்துல மாத்தி அந்தப் பனியன் துணியவே உள்ள போட்டுட்டேன், வைக்கோலைவிட அதுதான் அதுகளுக்குப் புடிச்சிருக்குதாட்ட இருக்குது.

இன்னைக்குக் காலைல புள்ளி வெச்சதுல ஓடே இல்ல, வெறும் தோலு, கையில எடுத்தா பலூன் மாதிரி தொளதொளன்னு இருக்குது. இதுக்கு என்ன பண்றது?


இட்டேரிக்காரன்:

தோல்முட்டைங்க அது. புதுசா வெக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு அப்படி உழுகும், சிலதுல மஞ்சக்கருவே இருக்காது. மொத முட்டைல ரத்தக்கோடு வர்றதும் சகஜந்தான், அன்னாடும் வந்தாத்தான் பாக்கோணும். கிளிஞ்சல் கொட்டாங்குச்சி காலியா இருக்குதான்னு பாருங்க மொதல்ல.


ஊத்துக்குளி_மருமக:

காலிதானுங்க 🙈 இன்னைக்கே வாங்கிட்டு வந்தர்றேன்.